கொழும்பு போடாத டப்

போன மாதம் ஓய்வூதிய விஷயமாக எங்கள் பழைய கந்தோருக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, கதிரை இழுத்துப் போட்டுத் தேநீரும் தந்தாள். தந்துவிட்டு, "யோகக்கா, இந்தக் கீபோர்ட்டில ரெண்டு பக்கமும் அம்பு போட்ட கீ ஒண்டு கிடக்குது. அது என்னத்துக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. என் இடது கைச் சின்ன விரல் வாழ்நாளில் பாதியை அந்த விசையின் மேல்தான் கழித்தது. "அது டப்," என்றேன். "டப் எண்டா?" என்றாள். அவர்கள் இப்போது கைபேசியிலேயே விபரம் பதிகிறார்களாம், அதில் அப்படி ஒரு விசையே இல்லையாம். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, எழுதித் தருகிறேன் பிள்ளை என்று சொல்லி வந்துவிட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் ஏசிவிடுவேன், அவளும் பாவம்.

கந்தோரின் பெயரை எழுதப் போவதில்லை. கல்லடிப் பாலத்துக்குக் கடல் பக்கமாக இருந்த ஒரு மாடிக் கட்டிடம். மட்டக்களப்பில் இருக்கிறவர்கள் யோசித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் பழகியது டைப்ரைட்டரில். அந்தக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பழகினேன், சோதனை பாஸ் பண்ணினேன், வேலை கிடைத்தது, அந்த வேலையைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளையும் கிடைத்தார். ஆனால் டப் பிறந்தது டைப்ரைட்டரில்தான் என்பதால் அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அட்டவணை அடிக்கும்போது பெயர் ஒரு நிரலில், ஊர் அடுத்த நிரலில் என்று மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்க வேண்டும். அதற்காக இயந்திரத்தின் முதுகில் பல்லுப் பல்லாக ஒரு சட்டம் இருக்கும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு சிறு தகட்டை நிமிர்த்தி வைப்போம். டப் விசையை அமத்தினால் வண்டி கர்ரென்று ஓடிப்போய் அந்தத் தகட்டில் முட்டி நிற்கும். கல்முனை பஸ் மாதிரித்தான். தரிப்பு உள்ள இடத்தில் நிற்கும். தரிப்பு இல்லாத இடத்தில் நீங்கள் கையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எண்பதுகளின் கடைசியில், கொழும்புத் தலைமைக் கந்தோர் தனக்கு வேண்டாம் என்று கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்றை எங்களுக்கு அனுப்பி வைத்தது. பெரிய மனது. மூளை ஒரு அலுமாரி அளவில் தனி அறையில் இருக்கும். அதிலிருந்து கம்பி இழுத்து எங்கள் மேசைகளில் டேர்மினல்கள் வைத்தார்கள். டேர்மினல் என்றால் ஒரு திரையும் ஒரு விசைப்பலகையும், அவ்வளவுதான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தமிழ் தெரியாது, ஆங்கிலப் பெரிய எழுத்துத்தான். லொறி வந்த வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவற்றை இறக்கி, ரீவி என்றால் படம் எங்கே என்று கேட்டார்களாம். வந்து சேர்ந்தபோது பாதிப் பெட்டிகளின் மூலைகள் நசுங்கியிருந்தன.

இந்த டேர்மினலிலும் டப் இருந்தது. தகடு கிடையாது, எல்லாம் உள்ளே. வாங்கிய கையோடு அது எட்டு எழுத்துக்கு ஒருமுறை தானாக நிற்கும். அது பொதுவான பழக்கம், பிறந்த குழந்தை அழுகிற மாதிரி. எங்கள் அட்டவணைக்கு ஏற்றபடி நிற்க வேண்டுமென்றால் முதலில் அவற்றை அழிக்க வேண்டும். பிறகு கேர்சர் என்கிற அந்த மினுக்குப் புள்ளியை வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், டப் போடுகிற விசையை அமத்த வேண்டும். அதன் பிறகு அந்த வேலைக்கு அதுதான் சட்டம். ஒரு வரியை நிரப்பி அனுப்பும் விசையை அமத்தினால் மூளை அதை எழுத்தெழுத்தாக எண்ணிப் படிக்கும். இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை பெயர், அதற்கப்புறம் ஊர் என்று. ஒரு எழுத்துத் தள்ளிப் போனால் ஊரின் பெயரில் ஆளும் ஆளின் பெயரில் ஊரும் ஆகிவிடும்.

இதில் ஒரு கூத்து இருந்தது. கரண்ட் போனால் டேர்மினல் தன் டப்களை எல்லாம் மறந்துவிடும். மட்டக்களப்பில், அந்த வருஷங்களில், கரண்ட்! ஆகவே காலையில் ஒருமுறை, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒருமுறை, எல்லா டேர்மினல்களுக்கும் புதிதாக டப் போட வேண்டும். அதைப் போட வைப்பவர் எங்கள் பிரதம லிகிதர் பூபாலபிள்ளை ஐயா.

ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைச் சேர்ட், வெள்ளைக் காற்சட்டை, கையில் எப்போதும் ஒரு மர அடிமட்டம். அந்த அடிமட்டத்தைத் திரையின் மேல் நிறுத்தி வைத்து நிரல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். கண்ணாடித் திரையில் இருந்த மின்சாரத்துக்கு அவருடைய கை மயிரெல்லாம் எழும்பி நிற்கும், அதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் யாரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. "பிள்ளை, இது ஆர்ட கை வேலை?" என்று மெதுவாகக் கேட்பார், அதற்கே நாங்கள் அந்த வரியை அழித்து மறுபடி அடிப்போம். கந்தோரில் இத்தனை கெடுபிடியான மனிதர், வீட்டில் மனைவி சரஸ்வதியக்காவின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். பிந்திப் போனால் அக்கா வாசல் கடப்பைப் பூட்டிவிடுவா. அது அவவுடைய தாய் கொடுத்த வீடு வளவு, பூட்ட உரிமை உள்ளவ.

டப் போடும் சடங்கு இப்படி நடக்கும். ஐயா நடுவில் வந்து நின்று அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். "அழியுங்க," என்பார். அழிப்போம். பிறகு கொழும்பிலிருந்து வந்த தாளைப் பார்த்து இடங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். "பத்து." எல்லோரும் கேர்சரைத் தள்ளிப் பத்தில் டப் போடுவோம். "முப்பத்தாறு." போடுவோம். பின்வரிசையில் யாராவது சிரித்தால் மறுபடியும் "அழியுங்க" என்பார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் காத்தான்குடி ஹாஜரா. அவள் இதற்கு வைத்திருந்த பெயர் "ஐயாட மந்திரம்." முடிகிற நேரம் அவள் மிக மெதுவாக "ஆமீன்" சொல்லுவாள், நான் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிவேன்.

பிறகு புதுக் கொம்பியூட்டர்கள் வந்தன. வர்ணத் திரை, எலி, எல்லாம். அவற்றைக் கீழ்மாடியில், குளிரூட்டிய அறையில் வைத்தார்கள். எங்கள் டேர்மினல்களை மேல்மாடிக் களஞ்சியத்தில் தூக்கிப் போட்டார்கள். ஐயாவும் ஹாஜராவும் நானும் கூட மேலேதான் இருந்தோம், பழைய கோப்புகளோடு பழைய ஆட்களாக. கீழ்மாடிக்காரர் எங்களைக் கண்டால் "நூதனசாலை எப்படி?" என்று அருங்காட்சியகத்தை விசாரிக்கிற மாதிரிக் கேட்பார்கள். ஹாஜரா அவர்களுக்குத் தகுந்த பதில் சொல்லுவாள், அதை இங்கே எழுத முடியாது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழியில், அந்த ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை. என் கையும் ஓடாது. எங்கள் கந்தோர் விடுமுறையில் பூட்டியிருந்தது என்பதுதான் எங்கள் அதிர்ஷ்டம். கீழ்மாடியில் கூரை தொடும் அளவுக்குச் சேறு. புதுக் கொம்பியூட்டர்களுக்குள் மீன் கிடந்தது. மேல்மாடியில் எங்கள் டேர்மினல்களும் அந்த அலுமாரி மூளையும் தூசியைத் தவிர வேறொன்றும் படாமல் அப்படியே இருந்தன. வேறு நாளாக இருந்திருந்தால் கீழ்மாடிக்காரரைப் படுத்தி எடுத்திருப்போம். அன்றைக்கு யாருக்கும் சிரிக்க வரவில்லை. தூசியைத் துடைத்தோம், ஐயா அடிமட்டத்தால் தட்டினார், "அழியுங்க" என்றார்.

எங்களுக்கு வந்த வேலை வீட்டுப் பதிவு. வீடு இழந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள். யார் யாருக்கு என்று நாங்கள் பதிந்து கொழும்புக்கு அனுப்ப வேண்டும். முகாம்களிலிருந்து சனம் வந்து எங்கள் மேசைக்கு முன்னால் குந்தியிருக்கும். வரியின் முதல் இடத்துக்குக் கொழும்புத் தாளில் இருந்த பெயர் "குடும்பத் தலைவர்." நாங்கள் அதை வாயால் எப்படிக் கேட்டோம்? "வீட்டுக்கார ஆள் ஆர்?" என்று கேட்டோம். மட்டக்களப்பில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண் கட்டிக்கொண்டு அங்கே போய் இருப்பான். ஆகவே நான் கேட்ட கேள்விக்குப் புருஷன்மாரே மனைவியைக் கையால் காட்டினார்கள், நானும் அவளுடைய பெயரை அடித்தேன். ஹாஜராவும் அப்படியே அடித்தாள். ஐயா அடிமட்டம் வைத்து நிரலைப் பார்த்தார். நிரல் நேராக இருந்தது, திருப்தியோடு அனுப்பி வைத்தார். எங்களில் ஒருவருக்குக்கூட அதில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை.

கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த மனிதர் போட்ட சத்தம் எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. "என்ன மிஸ்டர், உங்கட மாவட்டத்தில ஆம்பிளையளே மிச்சமில்லையா? தலைவர் எண்ட இடத்தில முழுக்கப் பொம்பிளைப் பேர்! நாங்க ஒண்டையும் எடுக்கமாட்டம்!"

அந்த நாட்களில் கேட்கிற கேள்வியா அது? ஐயா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, "இருக்கிறாங்க சேர். எல்லாரும் மனிசிமார்ர வீட்டில இருக்கிறாங்க," என்றார்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஹாஜரா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

புதுத் தாள் வந்தது. தலைவர் என்றால் புருஷன், கதை முடிந்தது. நாங்கள் எல்லாவற்றையும் மறுபடி அடித்து அனுப்பினோம். கடலுக்கு எட்ட, புது வீடுகளுக்கென்று ஒதுக்கிய திராய்மடுவில் அத்திவாரங்கள் எழும்பின, ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர்ப்பலகை நட்டார்கள். முருகேசு, கணபதி, தம்பிமுத்து, எல்லாம் ஆண் பெயர். வீட்டுப் பத்திரமான உறுதி பிறகு வரும் என்றார்கள், அதுவும் பலகையில் உள்ள பெயருக்கே வருமாம். வந்த பிறகு அதை வேறு பெயருக்கு மாற்றவும் ஏலாதாம்.

ஹாஜரா கொதித்தாள். "அல்லாஹ்வே, எங்கிட ஊர்ல ஆம்பிளைட பேர்ல இரிக்கிறது சைக்கிள் மட்டும்தான் கா. வாப்பா சவூதியில கிடந்து வெயில் குடிச்சது எங்களுக்கு ஊடு கட்டத்தானே. இவனுகள் ஆரு மாத்துறதுக்கு?"

அந்தக் கிழமைதான் பூரணம் எங்கள் படியேறி வந்தா. நாவலடிக்காரி, மீன் விற்கிறவ. குரல் வந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் ஆள் வருவா. பின்னால் அவவுடைய புருஷன் தம்பிமுத்து, தோளில் துவாயோடு, தலையைக் குனிந்துகொண்டு.

"இஞ்ச பாருங்க கா," என்று பூரணம் என் மேசையில் கையை ஊன்றினா. "அது எண்ட அம்மாட வளவுக்குப் பதிலாத் தாற வீடு. அம்மாக்கு அவட அம்மா குடுத்தது. எனக்குப் பிறகு எண்ட மகளுக்கு. இந்த மனிசன் கட்டிக்கிட்டு வரக்குள்ள என்ன கொண்டந்தவர்? ஒரு வலையும் ஒரு ரேடியோவும். அந்த ரேடியோவும் பாடாது. இப்ப பாருங்க, பலகையில இவர்ர பேராம்!"

"நான் கேட்டனா?" என்றார் தம்பிமுத்து.

"நீங்க கேக்கல்ல. நீங்க என்னத்தக் கேட்ட நீங்க, வாயத் துறந்து?"

தம்பிமுத்து அவவை விட்டுவிட்டு ஐயாவின் மேசைக்குப் போனார். "ஐயா, எண்ட பேரை வெட்டுங்க."

"வெட்ட ஏலாது, தம்பிமுத்து. கொழும்புச் சட்டம்."

"அப்ப நான் செத்துட்டன் எண்டு எழுதுங்க."

"செத்தாத்தான் பெரிய கரைச்சல். அதுக்கு மரணச் சான்றிதழ் கேப்பாங்க," என்றார் ஐயா.

நாங்கள் சிரித்துவிட்டோம். தம்பிமுத்து சிரிக்கவில்லை. துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அண்டைக்கு நான் கடல்ல, ஐயா. அலை எங்கட தோணிக்குக் கீழால போயிருக்கு, எங்களுக்குத் தெரியவும் இல்ல. கரைக்கு வரக்குள்ள ஊர் இல்ல. மாமி வீட்டுக்குள்ள கிடந்தவ. நான் நிண்டிருந்தா தூக்கிக்கிட்டு ஓடியிருப்பன். எண்ட கலியாணத்தண்டு என்னைக் கையப் புடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது அவதான். அவட வீட்டில இத்தின வருசம் சோறு திண்டவன். இப்ப அவ போன கையோட வீட்டை எண்ட பேர்ல வச்சுக்கிட்டு அதுக்குள்ள போய்ப் படுக்கவா? எனக்கு ஏலாது. பூரணத்திர பேர் வரும் வரைக்கும் நான் உள்ளுக்குப் போமாட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. பூரணம் மட்டும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "கேட்டீங்களா கதையை? வெளியில படுத்து நுளம்புக்கடி படப்போறாராம்," என்றா. குரல் முன்னைப் போல ஏறவில்லை.

"பாப்பம். போயிற்று வாங்க," என்றார் ஐயா. கந்தோர் பாஷையில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஆகவே நானும் நம்பிக்கை வைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு ஐயா கொழும்பு அனுப்பிய தடித்த விளக்கப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். அடிமட்டத்தின் நுனியால் ஒரு இடத்தைக் காட்டினார்.

"பிள்ளை யோகம், வரியில இந்த இடம் என்னத்துக்கு?"

"உரித்தாளர் பெயருக்கு, ஐயா. உறுதி ஆருக்கு எண்டு போடுற இடம். பழைய காணிப் பதிவில இருந்து மிஞ்சின இடம்."

"கொழும்பு அதில டப் போடச் சொல்லியிருக்கா?"

"இல்ல ஐயா. டப் அதைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போயிரும். ஒருத்தரும் அதில ஒண்டும் அடிக்கிறதில்ல."

"வெறுமையா விட்டா?"

"அங்க உள்ள மெசின் தலைவர்ர பேரையே உரித்தாளர் எண்டு போட்டுக்கொள்ளும்."

"நிரப்பினா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "நிரப்பினா நிரப்பின பேர்தான் ஐயா."

"ம்," என்றார். புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்தார். கொழும்பு அந்த இடத்தை மூடவில்லை, தடுக்கவும் இல்லை. தரிப்பு மட்டும் போடவில்லை. பஸ் நிற்காத இடத்தில் ஆள் இருக்கிறதென்று பஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை வழக்கம் போலத் தட்டினார். "அழியுங்க." கொழும்புத் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். "பத்து. முப்பத்தாறு." அதற்கடுத்ததாகத் தாளில் இருந்தது எழுபத்திரண்டு. ஐயா அதை வாசிக்கவில்லை. தாளைப் பார்த்தபடியே ஒரு இருமல் இருமினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேர்சரை உரித்தாளர் இடத்துக்குத் தள்ளி டப் போட்டேன். ஹாஜரா என் திரையை எட்டிப் பார்த்துத் தன்னுடையதிலும் போட்டாள். பிறகுதான் ஐயா, "எழுபத்திரண்டு," என்றார்.

உரித்தாளர் இடத்தின் இலக்கத்தை ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை. தாளில் இல்லாததை வாசித்தார் என்று நாளைக்கு யாரும் அவரைச் சொல்ல முடியாது. இருமினார், அவ்வளவுதான். இருமலுக்குச் சுற்றறிக்கை உண்டா?

முன்பு அனுப்பிய வரிகளையெல்லாம், நாவலடி, டச்பார், காத்தான்குடி என்று மறுபடியும் அடித்தோம். தலைவர் இடத்தில் புருஷன் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். அடுத்த டப்பில் ஊர். அதற்கடுத்த டப்பில் கேர்சர் வந்து நின்று மினுக்கும், பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு. தம்பிமுத்துவின் வரியில் பூரணத்தை நான்தான் அடித்தேன். ஆனால் ஒரு பயம் எங்களுக்கு இருந்தது. கொழும்பு மெசின் முந்தி வந்த வரியை வைத்துக்கொள்ளுமா, பிந்தி வந்ததை எடுத்துக்கொள்ளுமா? கேட்டால் மாட்டுப்படுவோம். கேட்காமல் இருந்தால் தெரியாது. உறுதி வரும் நாள் வரைக்கும் பொறுத்திருப்பதுதான் வழி.

கரண்ட் போகிற நாட்களில் ஐயாவுக்குக் கடும் இருமல். சரஸ்வதியக்காவின் காதுக்கு யாரோ போட்டுவிட, அவ கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொடுத்தனுப்பத் தொடங்கினா. ஐயா எங்கள் முன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் குடிப்பார். "ஐயா, மருந்து குடிச்சா இருமல் நிண்டிரும். பிறகு எங்கிட கெதி?" என்று ஹாஜரா கேட்பாள்.

கரடியனாறு, வெல்லாவெளிப் பக்கமிருந்து சண்டைக்குப் பயந்து வயல் வட்டையையும் மாட்டையும் விட்டுவிட்டுச் சனம் வந்த காலத்தில், கொழும்பிலிருந்து ஓர் இளம் அதிகாரி பரிசோதனைக்கு வந்தார். தமிழ்ப் பொடியன்தான், கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், கழுத்துப்பட்டியோடு. காலை வேளை. ஐயா டப் போட வைக்கிற நேரம். அதிகாரி எங்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். ஐயா "முப்பத்தாறு" சொன்னார். இருமினார். நாங்கள் டப் போட்டோம். "எழுபத்திரண்டு."

"ஐயாவுக்குச் சுகமில்லையோ?" என்றார் அதிகாரி.

"பழைய இருமல், சேர்," என்றாள் ஹாஜரா.

அவர் ஹாஜராவின் கதிரையில் உட்கார்ந்து தானே டப் விசையை அமத்தினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கேர்சர் உரித்தாளர் இடத்தில் போய் நின்று மினுக்கியது. தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் வரியின் தொடக்கத்துக்குப் போய் அமத்தினார். மறுபடியும் அங்கேதான் நின்றது.

"இந்த இடத்தில ஏன் நிக்குது?"

ஐயா அடிமட்டத்தை மேசையில் வைத்தார். "நிக்க வேண்டிய இடம், சேர்."

"தாளில இல்லையே."

"நிக்க வேண்டாம் எண்டும் தாளில இல்ல."

அதிகாரி கதிரையைத் திருப்பி ஐயாவை மேலும் கீழும் பார்த்தார். ஐயாவும் பார்த்தார். பிறகு ஐயா, ஊர்ப் பெரியவர் மாப்பிள்ளை விசாரிக்கிற குரலில், "சேர் இருக்கிறது எங்க?" என்றார்.

"தெஹிவளையில. வாடகை வீடு."

"கலியாணம்?"

"இன்னும் இல்லை."

"அப்ப இஞ்ச கட்டுங்க சேர். பொம்பிளையோட வீடும் தருவம். வாடகை இல்ல. ஒரு கரைச்சல், பிந்தி வந்தா கடப்பைப் பூட்டிருவாங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, ஹாஜராவுக்கு அடக்க முடியவில்லை, கடைசியில் அறை முழுக்கச் சிரித்தது. அதிகாரியின் காது சிவந்துவிட்டது. எழும்பினார், கழுத்துப்பட்டியைச் சரிப்படுத்தினார், தேநீர் நன்றாக இருந்தது என்றார், போய்விட்டார். தேநீர் அப்போது வந்திருக்கவே இல்லை. அவர் மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. கண்டித்து ஒரு கடிதம் வரும் என்று நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். வரவில்லை. ஆனால் எங்கள் வரிகளைக் கொழும்பில் அழித்துவிட்டார்களா என்பதும் தெரியவில்லை.

இதற்கிடையில் திராய்மடுவில் வீடுகள் முடிந்து சனம் குடிபோய்விட்டது. பூரணமும் மகளும் உள்ளே. தம்பிமுத்து வாசலுக்கு வெளியே நாலு தடியும் தகரமும் போட்டு, வலைகளோடு அங்கேதான் படுத்தார். சாப்பாடு வெளியே வரும். மழைக்கும் வெளியேதான். புருஷனும் பெண்சாதியும் கோபம் என்று அயலவர்கள் நினைத்தார்கள். "என்ன தம்பிமுத்தண்ணை, இன்னும் மன்னிப்புக் கிடைக்கல்லையா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. கல்லடிச் சந்தையில் என்னைக் கண்டால் பூரணம் கேட்பா, "என்ன கா, வந்திட்டா?" பாரை மீன் வாங்கப் போனவள் அவ இருக்கிற பக்கமே போகாமல் கிறுகி வந்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்தது. சில வீடுகளில் அழுதார்கள், சில வீடுகளில் பேசாமல் இருந்தார்கள். வராத பிள்ளைகளுக்காகப் படலையைப் பூட்டாமல் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதே வருஷம் எங்கள் டேர்மினல்களையும் அகற்றினார்கள். இரும்பு நிறுக்கிற ஆள் வந்து தராசில் ஏற்றினார். ஐயா அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். அவர் போன நாளிலிருந்து டேர்மினல்கள் போகும் வரைக்கும் இருமினது நான்தான்.

அப்புறம்தான் உறுதிகள் வந்தன. திராய்மடுவில் பந்தல் போட்டு மேடை வைத்துக் கொடுத்தார்கள். ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஹாஜராவும் நானும் போனோம். பூரணம் முன்வரிசையில், தம்பிமுத்து பந்தலுக்கு வெளியே வேலியோடு. மேடையில் ஒருவர் கடித உறைகளைப் பார்த்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். முதல் உறையை எடுத்தார். ஹாஜரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கணபதி அன்னம்மா," என்று கணபதியின் பெண்சாதியைக் கூப்பிட்டார். அடுத்தது, "முருகேசு தெய்வானை." பிறகு ஒரு பெண். பிறகும் ஒரு பெண். மேடையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார், அவர் கையை விரித்தார். ஐயா நேராக முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"தம்பிமுத்து பூரணம்."

பூரணம் எழும்பவில்லை. ஹாஜரா தள்ளித்தான் எழுப்பினாள். போய் வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து தாளை நீட்டினா. "வாசிங்க கா." வாசித்தேன். உரித்தாளர், தம்பிமுத்து பூரணம். "இன்னொருக்கா வாசிங்க." இன்னொருமுறை வாசித்தேன்.

அவ மேடையையும் பார்க்கவில்லை, வேலியோடு நின்ற மனிதனையும் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்து விறுவிறென்று நடந்தா. நாங்களும் பின்னால் போனோம், அயல் முழுக்கப் பின்னால் வந்தது, தம்பிமுத்துவும் வந்தார். பூரணம் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தா. "இஞ்ச வாங்க," என்றா. அவர் வந்து வாசலில் நின்றார். அவருடைய கால்களில் தண்ணீரை ஊற்றினா. கலியாணத்தன்று மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் ஊற்றுகிற மாதிரி. எங்கோ ஒருவர் "மாப்பிள்ளை வாறார்!" என்று கத்தினார், சனம் சிரித்தது. தம்பிமுத்து குனிந்த தலை நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"அம்மா இருந்தா அம்மா கூப்பிட்டிருப்பா," என்றா பூரணம். "அவ இல்ல. இப்ப எண்ட வீடு, நான் கூப்பிடுறன். வாங்க உள்ளுக்கு."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. அவர் நனைந்த காலோடு உள்ளே போய், நடு அறையில் வெறும் நிலத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பட்டப்பகல். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. பிரதம லிகிதராக இருந்த ஐயாவும், ஹாஜராவும், நானும், அயலில் உள்ள ஆண்கள் பெண்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றோம். எங்களை இன்னும் பூரணம் கூப்பிடவில்லை.